‘இவ்வினா எழவில்லை’: சட்டமன்றத்தில் அரசு மருத்துவமனை பற்றிக் கேள்வி எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் சேர்ந்த ஒரு எம்எல்ஏ உதவியாளர், தான் எழுதிய கேள்விகளைப் போன மாதம் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். மொத்தம் பன்னிரண்டு. எல்லாம் மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம் பற்றியவை. ஒன்பது கேள்விகள் ‘அரசு ஆவன செய்யுமா?’ என்று முடிந்தன. படிக்கப் படிக்க, பதினைந்து வருடத்துக்கு முன்னால் நான் எழுதிக் கொடுத்த தாள்கள்தான் கண்முன் வந்தன. அதே சொற்கள், அதே ஓட்டைகள்.

நோட்டீஸ் கெடுவைத் தவறவிடுவது, துறையின் பெயரை மாற்றி எழுதுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். கேள்வி ஒருமுறை திரும்பி வந்தால் தானாகவே புரிந்துவிடும். அமைச்சர் பதில் சொல்லி உட்கார்ந்த பிறகுதான் தெரிய வருகிற தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

‘ஆவன செய்யுமா’ என்று மட்டும் கேட்பது

இதற்குப் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான். ஒன்று, ‘நிதிநிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்’. இன்னொன்று, ‘கருத்துரு (அதாவது எழுத்துபூர்வமான முன்மொழிவு) ஏதும் அரசின் பரிசீலனையில் இல்லை’. முதல் பதில் வந்தால் பரவாயில்லை, அதைப் பிடித்துக்கொண்டு, அவையில் அமைச்சர்கள் தந்த வாக்குறுதிகள் நிறைவேறினவா என்று பார்க்கும் அரசு உறுதிமொழிக் குழு வரை போகலாம். இரண்டாவது வந்தால் கதவு சாத்தியாகிவிட்டது என்று அர்த்தம். அதனால் கேள்வி எழுதும் முன், மருத்துவமனையிலிருந்து இணை இயக்குநர் (நலப்பணிகள்) வழியாக ஒரு கருத்துரு சென்னைக்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் முதலில் அதை அனுப்ப வையுங்கள்.

எந்த இயக்ககம் என்று பாராமல் எழுதுவது

ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரத் துறை இயக்ககத்தின் கீழ் வருகின்றன. தாலுகா மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை இரண்டும் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககம். அமைச்சர் ஒருவர்தான். ஆனால் பதில் தயாராவது மூன்று வெவ்வேறு அலுவலகங்களில். தேனி மாவட்டத்துக்கான தலைமை மருத்துவமனை பெரியகுளத்தில் இருக்கிறது, திருவண்ணாமலை மாவட்டத்துக்கு செய்யாற்றில். ‘மாவட்டத் தலைமை மருத்துவமனை’ என்று மட்டும் எழுதிவிட்டு, மனதில் மருத்துவக் கல்லூரியை வைத்திருந்தால், வருகிற பதில் வேறு கட்டடத்தைப் பற்றியதாக இருக்கும். பொது சுகாதாரத் துறை தன் நிர்வாகத்துக்காகப் பிரித்திருக்கும் சுகாதார மாவட்டம் வேறு, வருவாய் மாவட்டம் வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். பழனி, பரமக்குடி, கோவில்பட்டி எல்லாம் சுகாதார மாவட்டங்கள். ஊர், ஒன்றியம் இரண்டின் பெயரையும் போட்டுக் கேட்பதே நல்லது.

காலியிடம் எத்தனை என்று கேட்டு, ஆள் எங்கே என்று கேட்காதது

இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. நான் செய்த தவறு என்பதால் மட்டுமல்ல. இன்னும் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் யாரோ ஒருவர் இதையே செய்துகொண்டிருக்கிறார்.

நான் வேலை பார்த்த தொகுதியில் ஒரு தாலுகா மருத்துவமனை. அறுவை அரங்கு இருந்தது, மகப்பேறு மருத்துவர் இருந்தார். ஆனால் சிசேரியன் தேவைப்படும் பெண்களை எல்லாம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மயக்க மருந்து கொடுக்க டாக்டர் இல்லை என்று ஊரே சொன்னது. நானும் நம்பி, இப்படி எழுதினேன்:

‘(அ) மேற்படி மருத்துவமனையில் மயக்க மருந்து மருத்துவர் பணியிடம் காலியாக உள்ளதா? (ஆ) ஆம் எனில், அதை நிரப்ப அரசு ஆவன செய்யுமா?’

பதில் ஒரு வரியில் வந்தது. ‘(அ) இல்லை. (ஆ) இவ்வினா எழவில்லை.’

எங்கள் எம்எல்ஏ எழுந்து நின்றார். பதிலைத் தொடர்ந்து அங்கேயே கேட்கிற துணைக் கேள்விக்குக் கையில் ஒன்றும் இல்லை. ‘டாக்டர் இல்லை என்று மக்கள் சொல்கிறார்கள்’ என்றார். அமைச்சர், பணியிடம் நிரப்பப்பட்டுள்ளது என்று மறுபடியும் சொல்லி உட்கார்ந்தார். அமைச்சர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அந்த இடத்தில் ஒரு டாக்டரின் பெயர் இருந்தது, சம்பளமும் அந்தக் கணக்கில்தான் போனது. வாரத்தில் பெரும்பாலான நாட்கள் மாற்றுப்பணியில் வேறொரு பெரிய மருத்துவமனையில் வேலை பார்த்தார், அவ்வளவுதான். அவர் மீதும் குற்றம் இல்லை. போகச் சொல்லி ஆணை வந்தது, போனார்.

கேள்வி வீணானதோடு இது முடியவில்லை. அதன் பிறகு ஊர்க்காரர்கள் கொடுத்த ஒவ்வொரு மனுவுக்கும், ‘பணியிடம் நிரப்பப்பட்டுள்ளதாகச் சட்டமன்றத்திலேயே தெரிவிக்கப்பட்டுள்ளது’ என்று பதில் வந்தது. எங்கள் கேள்வியே அவர்களுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. இரண்டு வருடம் இப்படி ஓடியது.

அந்த நாட்களில் ஒரு மாலை நான் அங்கே இருந்தேன். ஒயர் கூடையில் ஃபிளாஸ்க்கும் பழைய வேட்டித் துணியுமாக ஒரு அம்மா, கையில் ரெஃபர் சீட்டை வைத்துக்கொண்டு நர்ஸிடம் கேட்டார்: ‘டாக்டர் இருக்காருன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்களே தாயி, அப்புறம் ஏன் எங்களை அனுப்புறீங்க?’ அவர் சொன்ன செய்தி எங்கள் கேள்விக்கு வந்த பதில்தான். மகளை 108 ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தாயும் பிள்ளையும் நல்லபடியாகத் திரும்பி வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அன்று அந்த அம்மாவிடம் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை.

அதற்கடுத்த கூட்டத்தொடரில் வேறு மாதிரி எழுதினேன்:

‘(அ) மேற்படி மருத்துவமனைக்கு அனுமதிக்கப்பட்ட மயக்க மருந்து மருத்துவர் பணியிடங்கள் எத்தனை? (ஆ) அதில் உள்ளவர் கடந்த ஓராண்டில் இம்மருத்துவமனையில் பணிபுரிந்த நாட்கள் எத்தனை, மாற்றுப்பணியில் வேறிடத்தில் பணிபுரிந்த நாட்கள் எத்தனை? (இ) அதே காலத்தில் இங்கு நடந்த அறுவைப் பிரசவங்கள் எத்தனை, பிரசவத்துக்கு வந்து வேறு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனை, மாதவாரியாக?’

இதற்கு ‘எழவில்லை’ என்று சொல்ல முடியாது. எண் கொடுத்தே ஆக வேண்டும். கொடுத்தார்கள். அங்கே இருந்த நாட்களைவிட இல்லாத நாட்கள் அதிகம். துணைக் கேள்வியில் எம்எல்ஏ கேட்டது ஒன்றுதான்: மாற்றுப்பணி ஆணை எப்போது ரத்தாகும்? சில வாரங்களில் ரத்தானது.

மாற்றுப்பணி எல்லாமே தவறு என்று நான் சொல்லவில்லை. ஆள் பற்றாக்குறையில் ஓரிடத்தைக் காப்பாற்ற இன்னோர் இடத்திலிருந்து எடுக்கத்தான் செய்வார்கள். மேல்படிப்பு, நீண்ட விடுப்பு, பயிற்சி என்றும் போவார்கள். ஆனால் எடுத்தது தெரிய வேண்டும். நிரப்பப்பட்டவை என்ற எண்ணுக்குள் அது ஒளிந்துகொள்ள விடக்கூடாது. சந்தேகம் இருந்தால், கேள்விக்கு முன்பே மாற்றுப்பணி ஆணைகளின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். நகல் கையில் இருந்தால் துணைக் கேள்விக்குத் தடுமாற வேண்டியதில்லை.

தூரத்தைக் கிலோமீட்டரில் மட்டும் சொல்வது

புதிய ஆரம்ப சுகாதார நிலையம் கேட்டால், மக்கள்தொகை விதியைக் காட்டுவார்கள். சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலை மற்றும் பழங்குடிப் பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று. கூடவே ‘எட்டு கி.மீ. தொலைவில் ஏற்கெனவே ஒரு நிலையம் செயல்பட்டு வருகிறது’ என்பார்கள். கல்வராயன் மலையிலும் ஜவ்வாது மலையிலும் எட்டு கிலோமீட்டர் என்றால் என்ன என்று போய் நடந்தவர்களுக்குத் தெரியும். பேருந்து எத்தனை முறை வருகிறது, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, ஆம்புலன்ஸ் வந்து சேரச் சராசரியாக எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். புதிய நிலையம் கிடைக்காத இடத்திலும் துணை சுகாதார நிலையம் கேட்க வழி உண்டு. அதற்கு விதி சமவெளியில் 5,000 பேர், மலையில் 3,000 பேர்.

‘மருந்து இருக்கிறதா?’

‘போதிய அளவு கையிருப்பில் உள்ளது’ என்று வரும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மாவட்டக் கிடங்கில் அது உண்மையாகவே இருக்கும். உங்கள் ஊர் மருந்தகத்தில் இருக்கிறதா என்பது வேறு விஷயம். மருந்தின் பெயரைச் சொல்லி, அந்த மருந்தகத்தில் இருப்பு பூஜ்யமாக இருந்த நாட்கள் எத்தனை என்று கேளுங்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்க வருபவர்கள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்பவர்கள். ‘அடுத்த வாரம் வாங்க’ என்றால் அவர்களுக்கு இன்னொரு நாள் கூலி போகிறது.

தாலுகா மருத்துவமனையை மக்களவையில் கேட்பது

பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளவை என்று பதில் வரும். எம்பி என்றால் தேசிய நலவாழ்வு இயக்க நிதியைக் கேளுங்கள், மதுரை எய்ம்ஸைக் கேளுங்கள்.

புகழுரை

வேண்டாம். நேரம் போகிறது, கேள்விக்கு வாருங்கள்.

நோயாளியின் பெயர்

அவையில் சொல்லாதீர்கள். அது அவைக்குறிப்பில் நிரந்தரமாக நின்றுவிடும்.

பகலில் மட்டும் போய்ப் பார்ப்பது

எம்எல்ஏ வருகிறார் என்று சொல்லிவிட்டுக் காலை பதினொரு மணிக்குப் போனால் எல்லோரும் இருப்பார்கள், தரையும் துடைத்திருக்கும். இரவு ஒன்பது மணிக்குச் சொல்லாமல் போங்கள். நாலைந்து பேர் போதும், கூட்டம் வேண்டாம். பிரசவ வார்டுக்குள் நுழையாதீர்கள், படம் எடுக்காதீர்கள். பணியில் இருக்கும் நர்ஸை மிரட்டவும் கூடாது, அவர் ஒருவரே மூன்று பேர் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். வெளியே ஒட்டியிருக்கும் பணிப் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது, உள்ளே யார் இருக்கிறார் என்று மட்டும் பாருங்கள். பிறகு தலைமை மருத்துவரிடம், வேறு மருத்துவமனைக்கு அனுப்பிய பதிவேட்டிலிருந்து எண்ணிக்கையை மட்டும் கேட்டு வாங்குங்கள்: போன மாதம் இரவு எட்டு மணிக்கு மேல் அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர்? அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து, அதற்கப்புறம் கேள்வியை எழுத உட்காருங்கள்.