பார்வை வாத்து: ஏரியில் பொம்மை வாத்து செய்வதும் மிதக்கவிடுவதும்

என் தாத்தா காவேரிப்பாக்கம் ஏரியில் வாத்து சுட்டவர். நாட்டுத் துப்பாக்கி, ஒரு சாக்கு, ஐந்தாறு சுரைக்குடுக்கை. அவ்வளவுதான் அவருடைய சாமான். குடுக்கைகளுக்குத் தார் பூசி, நூலில் கல் கட்டி, விடியும் முன்பே தண்ணீரில் விட்டுவிட்டுக் கோரைக்குள் உட்கார்ந்துவிடுவார். அதைத் தன் இனம் என்று நினைத்துச் சிறகி வாத்துக் கூட்டம் வந்து இறங்கும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அந்த வேட்டை முடிந்தது. முடிந்ததே நல்லது. ஆனால் அந்தக் குடுக்கை வித்தையை நான் விடவில்லை. அதே ஏரியில் அதே மாதிரி மிதக்கவிடுகிறேன், கையில் காமிராவோடு.

ஏன் இந்த மெனக்கெடல் என்றால், வாத்தைத் தேடி நாம் நடந்தால் அது பறந்துவிடும். ஒன்று எழும்பினால் இருநூறும் எழும்பும். வடக்கே எங்கிருந்தோ இமயத்தைத் தாண்டி வந்து இங்கே மேய்கிற பறவையை, ஒரு படத்துக்காக ஒரே காலையில் நாலு தடவை கிளப்புவது பாவம். பொம்மை வைத்தால் நாம் அசைய வேண்டாம், அதுவே வரும். பழந்தமிழில் வேடர்கள் மானை வரவழைக்கக் கட்டிவைக்கும் பழக்கிய மானுக்குப் ‘பார்வை’ என்று பெயர். அதனால் இவற்றை நான் பார்வை வாத்து என்றுதான் சொல்வேன்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். தானியம் தூவாதீர்கள். இரை போட்டு வரவழைப்பதும் சட்டப்படி வேட்டையில்தான் சேரும். போனில் வாத்துக் குரல் போடுவதும் வேண்டாம். அப்புறம், பக்கத்து வன அலுவலகத்திலும் ஏரியில் மீன் குத்தகை எடுத்தவரிடமும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். விடியற்காலையில் வலை போட வருகிறவருக்குத் தண்ணீரில் என்ன கிடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

சரி, எந்த வாத்தைச் செய்வது? பலரும் ஊசிவால் வாத்தின் ஆணில் தொடங்குகிறார்கள், அது அழகு என்பதால். நான் புள்ளிமூக்கு வாத்தில் தொடங்கச் சொல்வேன். அது வருஷம் முழுக்க இங்கேயே இருப்பது. அது நிம்மதியாக மேய்கிற இடத்தை வலசை வந்த வாத்துகளும் நம்பும். உடம்பும் பெரிது, சுமார் 60 செ.மீ. தூரத்திலிருந்தே தெரியும். அடுத்தது நீலச்சிறகி, 40 செ.மீ. இருந்தால் போதும். மூன்றாவதாக நாமக்கோழி இரண்டு. நாமக்கோழி வாத்து இனமே அல்ல, ஆனால் அது இருக்கிற தண்ணீரில் வாத்துக்குப் பயம் குறைகிறது. செய்வதும் சுலபம்: முழுக் கறுப்பு, நெற்றியும் அலகும் வெள்ளை. நான் கொண்டுபோவது பன்னிரண்டு: ஏழு புள்ளிமூக்கு, மூன்று நீலச்சிறகி, இரண்டு நாமக்கோழி. அமெரிக்காவில் பெரிய ஏரிகளில் நூறு பொம்மைகூட வைப்பார்கள். நமக்கு அது தேவையில்லை. நாம் கேட்பது ஏழெட்டுப் பறவைகள் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும் என்பதுதான்.

நவம்பர், டிசம்பரில் வைப்பதாக இருந்தால் நீலச்சிறகி ஆணுக்கு வெள்ளைப் புருவம் தீட்டாதீர்கள். வலசை வரும்போது ஆணும் பெட்டை மாதிரி மங்கிய பழுப்பு இறகோடுதான் இருக்கும். பளிச்சென்ற நிறம் பிந்தித்தான் வரும். பிப்ரவரியில் போனால் ஒன்றிரண்டுக்குப் புருவம் வரைந்துகொள்ளலாம்.

உடம்புக்குச் சுரைக்குடுக்கையை மிஞ்ச எதுவும் இல்லை. கொடியிலேயே முற்றிக் காய்ந்து, தட்டினால் டங்கென்று சத்தம் வரும் காயாக எடுங்கள். கழுத்து நீண்ட ரகம் வேண்டாம், வயிறு உருண்டு ஒரு பக்கம் சற்றுத் தட்டையாகக் கிடந்து வளர்ந்ததே வாத்து முதுகுக்குப் பொருந்தும். தெர்மாகோல் வேண்டவே வேண்டாம். அது உடைந்து பொடிப்பொடியாக ஏரியில் மிதக்கும், மீனும் பறவையும் விழுங்கும். கோரையைக் கட்டாகச் சுற்றியும் செய்யலாம். அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தின் லவ்லாக் குகையில் 1924இல் எடுத்த பொம்மை வாத்துகள் கோரை போன்ற நாணலால் செய்தவைதான், சுமார் 2000 ஆண்டு பழையவை. நானும் காவேரிப்பாக்கத்துக் கோரையில் செய்து பார்த்தேன். ஒரு காலைக்குத் தாங்குகிறது, அப்புறம் தண்ணீர் குடித்துச் சாய்ந்துவிடுகிறது.

தலைக்கு நான் பயன்படுத்துவது ஷூ அடிப்பாகத்து ஷீட். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வெட்டுவது என் வேலை. அடிப்பாகத்துக்கு வெட்டிய மென்மையான ஈ.வி.ஏ. (ரப்பர் போன்ற நுரை) ஷீட்டில் துண்டுகள் மிஞ்சும். அவற்றை நாலடுக்காகப் பசை போட்டு ஒட்டிக் கத்தியால் சீவினால் தலையும் அலகும் அரைமணி நேரத்தில் வந்துவிடும். தண்ணீர் குடிக்காது, உடையாது. உங்களுக்கு அது கிடைக்காவிட்டால் பழைய ரப்பர் செருப்பின் அடி போதும்.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் இந்தத் தலையில்தான் இருக்கிறது. வாத்து மேலிருந்து பார்க்கும்போது நீங்கள் தீட்டிய புள்ளியை எண்ணுவதில்லை. கீழே இருப்பவை பயந்திருக்கின்றனவா, நிம்மதியாக இருக்கின்றனவா என்றுதான் பார்க்கிறது. கழுத்தை நிமிர்த்தி நிற்கும் வாத்து என்றால் ஏதோ ஆபத்து. என் முதல் செட்டில் பத்துக்கும் கழுத்தை நீட்டி அழகாகச் செய்திருந்தேன். கூட்டம் தலைக்கு மேல் வரை வந்து, இரண்டு சுற்றுச் சுற்றி, விலகிப் போய்விட்டது. மூன்று ஞாயிற்றுக்கிழமை இப்படியே.

விடை கிடைத்தது ஏரியில் அல்ல, அறுத்த வயலில். நம் பக்கம் அறுப்பு முடிந்ததும் வாத்து மேய்க்கிறவர்கள் நூற்றுக்கணக்கில் ஓட்டி வருவார்கள் அல்லவா, ஆரணி வாத்து என்கிற நாட்டு வாத்து, அவர்கள் வாயில் கீரி, சன்னியாசி. பனப்பாக்கம் போகும் வழியில் ஒரு மதியம் முழுக்க வரப்பில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்தேன். மேய்க்கிறவர் கேட்டார்: “இன்னாணா, வாங்கறியா?” இல்லைண்ணா, எப்படி உட்காருதுன்னு பாக்கறேன் என்றேன். அவர் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு காட்டினார்: “வயிறு ரொம்புனது கழுத்த உள்ள இழுத்துக்கும். தூங்கறது மூக்க முதுவுல சொருவிக்கும். நாய் வந்தாத்தான் எல்லாம் நிமுரும்.” இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. இப்போது என் பன்னிரண்டில் ஆறு கழுத்தை உள்ளிழுத்தவை, மூன்று அலகை முதுகில் செருகித் தூங்குபவை, இரண்டு தலையைத் தாழ்த்தி மேய்பவை. ஒன்றே ஒன்றுதான் காவல் பார்ப்பது போல நிமிர்ந்தது.

வர்ணத்தில் ஒரே விதி, மினுக்கக் கூடாது. எனாமல் பெயிண்ட் வெயிலில் கண்ணாடி மாதிரி அடிக்கும். ரெட் ஆக்சைடு ஒரு கோட் கொடுத்து, மேலே வெளிச்சுவருக்கு அடிக்கும் எமல்ஷனைப் பழுப்பில் கலந்து பூசுங்கள். ஈரம் காய்வதற்குள் சலித்த மண்ணைத் தூவித் தட்டிவிட்டால் பளபளப்பு சுத்தமாகப் போய்விடும். புள்ளிமூக்கு வாத்துக்குத் தூரத்தில் தெரிவது நாலு விஷயம்: வெளிறிய தலையும் கழுத்தும், கறுத்த உடம்பு, பின்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு, கறுப்பு அலகின் நுனியில் மஞ்சள். அதைச் சரியாகச் செய்தால் போதும். அலகு முகத்தோடு சேரும் இடத்தில் இருக்கும் சிவப்புப் பொட்டு உங்கள் மனத் திருப்திக்கு.

குடுக்கை உருளும். அடியில் ஒரு சாண் நீள ரீப்பர் கட்டையை ஸ்க்ரூவால் பிடித்து, துளையை எம்-சீலால் அடைத்து, கட்டையில் ஒரு கனமான போல்ட்டைக் கட்டுங்கள். தொட்டியில் கவிழ்த்துப் போட்டால் தானாக நிமிர வேண்டும். நிமிராவிட்டால் இன்னொரு நட்டு சேருங்கள். வால் சற்று தூக்கியும் மார்பு தாழ்ந்தும் மிதக்கிறதா என்று பாருங்கள். வலைக்குப் போடும் ஈயக்குண்டை மட்டும் எங்கேயும் கட்டாதீர்கள். அறுந்து சேற்றில் விழுந்தால் வாத்து அதைக் கல் என்று விழுங்கும், விஷமாகிச் சாகும். அதற்காகத்தான் அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக்குண்டை 1991இல் நாடு முழுக்கத் தடை செய்தார்கள். நங்கூரத்துக்குப் பாலாற்றுக் கூழாங்கல் போதும், ஒரு கைப்பிடி அளவு. நூல் மங்கிய பச்சை நைலான், நீளம் தண்ணீர் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு. அதற்கு மேல் விட்டால் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்.

இனி இடம். வாத்து எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். ஆகவே காற்று உங்கள் முதுகில் பட வேண்டும். அப்போது அது உங்களைப் பார்த்தபடி இறங்கும், படத்தில் முகம் கிடைக்கும். மார்கழி, தையில் நமக்கு வாடைக்காற்று, வடகிழக்கிலிருந்து. சூரியனும் அப்போது தென்கிழக்கில்தான் எழும்பும். அதனால் வடகிழக்கு ஓரமாக உட்கார்ந்து தென்மேற்கைப் பார்த்தால் காற்று முதுகில், வெயில் இடது தோள் பக்கம்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் நிலம் கிழக்கே சரிவது, பல ஏரிகளுக்குக் கரை கிழக்குப் பக்கம். கரையோரம்தான் ஆழமும் அதிகம். மேயும் வாத்துக்கு வேண்டியது முழங்கால் ஆழம், அது இருப்பது எதிர்ப்பக்கம் உள்வாயில். மதகுப் பக்கம் பொம்மை போட்டு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒன்றும் வராது. கரை வளைந்து முடிகிற முனையைத் தேடுங்கள், கலங்கல் (ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழியும் இடம்) பக்கத்துச் சரிவு பெரும்பாலும் சரியாக இருக்கும். அங்கே தண்ணீர் மெலியும், கோரையும் இருக்கும். முந்தின நாள் சாயங்காலம் ஒரு மூங்கில் கழியோடு போய் ஆழம் பார்த்து, கூட்டம் எந்தப் பக்கம் மேய்கிறது என்று பைனாகுலரில் பார்த்துவிட்டு வாருங்கள். வாத்து ஏற்கெனவே விரும்புகிற தண்ணீருக்குத்தான் பொம்மை அழைக்கும். விரும்பாத தண்ணீருக்கு எத்தனை வைத்தாலும் அழைக்காது.

சீழ்க்கைச் சிறகி வேண்டுமென்றால் கணக்கு வேறு. அது ராத்திரியில் மேய்ந்து, விடியும்போது ஓய்வெடுக்கத் திரும்பும். ஏரிக்குள் தண்ணீரில் நிற்கும் கருவேல மரங்களுக்கு ஒட்டினாற்போல, தூங்கும் பொம்மைகளை மட்டும் வையுங்கள்.

அடுக்கும் விதம் லாடம் மாதிரி. வாய் காற்று போகும் திசையைப் பார்த்து ஏரிக்குள் திறந்திருக்க வேண்டும், வளைவு உங்கள் பக்கம். ஒரு கை நீளமாக, மறு கை குட்டையாக இருக்கட்டும். நடுவில் ஆறு மீட்டர் அகலத்துக்கு ஒன்றுமே வைக்காதீர்கள். அந்த வெற்றிடம்தான் அழைப்பு. வாத்து மற்ற வாத்தின் தலைமேல் பறந்து இறங்க விரும்பாது, காலி இடம் பார்த்து இறங்கும். வெற்றிடத்தின் நடு உங்கள் மறைவிலிருந்து 20 மீட்டர் என்று வையுங்கள், 400 எம்.எம். லென்ஸுக்கு அது அளவான தூரம். பொம்மைக்குப் பொம்மை இரண்டு மீட்டர். நெருக்கமாக வைத்தால் பயந்து ஒண்டியிருப்பது போலத் தெரியும். நீலச்சிறகிகளைத் தனியாகக் குட்டைக் கையில் வையுங்கள், நாமக்கோழிகளை வெளியே தள்ளி, கோரையோரம். எல்லா மூக்கும் காற்றுப் பக்கமே திரும்பியிருந்தாலும் தவறில்லை. வரிசை கட்டி நிற்பதுதான் தவறு.

பனிக்காலை என்றால் பெரும்பாலும் காற்றே இருக்காது. தண்ணீர் எண்ணெய் மாதிரி கிடக்கும், பொம்மை செத்ததுபோல நிற்கும். ஏரிக்கரையில் ஆடு மேய்க்கும் ஒரு சிறுவன் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “அண்ணா, அதுங்க ஆடவே இல்லியே” என்றான். அவன் சொன்ன அன்றைக்கே செய்ததுதான் இந்த இழுகயிறு. வெற்றிடத்துக்குப் பின்னால் ஒரு கழியை நட்டு, அதில் பழைய சைக்கிள் டியூபை ஒரு முழம் கட்டி, டியூபின் நுனியிலிருந்து நூலை உங்கள் மறைவு வரை இழுத்து வாருங்கள். அந்த நூலில் மூன்று பொம்மைகளைக் கட்டுங்கள். நீங்கள் மெல்ல இழுத்துவிட்டால் டியூப் திருப்பி இழுக்கும், மூன்றும் ஆடும், அலை மற்ற ஒன்பதையும் ஆட்டும். கூட்டம் தூரத்தில் திரும்பும்போது இழுங்கள். நேராக உங்களை நோக்கி வரத் தொடங்கியதும் விட்டுவிடுங்கள்.

மறைவுக்குப் பச்சை நிழல்வலையும், மேலே செருக நெய்வேலிக் காட்டாமணக்குக் கிளையும் போதும். கோரையை வெட்டாதீர்கள், அதற்குள் கூடு இருக்கலாம். ஐந்து மணிக்குப் பொம்மைகளை மிதக்கவிட்டு, ஐந்தரைக்கு உள்ளே போய்விடுங்கள். ஒன்பதரை வரைதான். இறங்கிய பறவை தானாகப் போகும் வரை எழுந்திருக்க வேண்டாம், அது எவ்வளவு நேரமானாலும்.

பொம்மைகளை ராத்திரி ஏரியில் விட்டுவிட்டு வராதீர்கள். நான் ஒரு தடவை மறுநாளும் வரலாம் என்று விட்டுப் போனேன். காலையில் வந்தால் நாலு பொம்மைகளைச் சுற்றி யாரோ கண்ணி வலை கட்டியிருந்தார்கள், உள்ளே இரண்டு நீலச்சிறகிகள் செத்துக் கிடந்தன. வலையை அறுத்து வன அலுவலகத்தில் கொடுத்தேன். நான் செய்த பொம்மை அந்த இரண்டையும் அழைத்தது. அன்று முதல் பன்னிரண்டு என்று எண்ணி வைக்கிறேன், பன்னிரண்டு என்று எண்ணி எடுக்கிறேன். எந்த ஏரியில் எந்த முனை என்று படத்தின் கீழ் எழுதுவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் நூலைக் கழுத்தில் சுற்றாமல் ரீப்பர் கட்டையில் சுற்றுங்கள், கழுத்தில் சுற்றினால் வர்ணம் உரியும். நல்ல தண்ணீரில் பாசியைக் கழுவி, நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். எலிக்குச் சுரைக்குடுக்கை என்றால் உயிர். சாக்கில் போட்டு, வேப்பிலை ஒரு கொத்து சேர்த்து, விட்டத்தில் தொங்கவிட்டால் அடுத்த ஐப்பசி வரை கெடாமல் இருக்கும்.