ஆல்டர்னேட்டருக்குக் காசு கொடுக்கும் முன்

போன வாரம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் பட்டறைக்கு ஒரு பழைய கொரோலா கார் வந்தது. இரவில் ஹெட்லைட் மங்குகிறது, காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள், புதிதாகச் சேர்ந்த தம்பி ஆல்டர்னேட்டரைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டான். என்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் சாமான் அது. வோல்ட் அளக்கும் மீட்டரைக் கையில் எடுக்கவே இல்லை. எனக்குச் சுருக்கென்றது. இருபது வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறு.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றாமல் ஸ்பானர் போடாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். பணத்தைத் தின்னும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

அளக்காமல் கழற்றுவது

டொங்காட் பக்கம் தோட்டம் வைத்திருந்த ஒரு மாமா எனக்கு வாடிக்கை. விடியற்காலை மூன்று மணிக்கே பேக்கியில் (சின்ன பிக்கப் வண்டியில்) கீரையும் வெண்டைக்காயும் ஏற்றிக்கொண்டு டர்பன் மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவார். பேட்டரியில் சார்ஜ் நிற்கவில்லை என்று வந்தார். ரீகண்டிஷன் ஆல்டர்னேட்டர் ஒன்றை, அதாவது பழையதைச் சரிசெய்து புதுப்பித்ததை, மாட்டி அனுப்பினேன். பத்தாம் நாள் என்-2 சாலையில் விளக்கு மங்கி வண்டி நின்றுவிட்டது. சாமான்தான் மட்டம் என்று நினைத்து, வேறு கடையில் இன்னொன்று வாங்கி மாட்டினேன். கூலியும் வாங்கினேன். மூன்றாம் தடவை அவர் வந்தபோது ஒன்றும் பேசவில்லை, சாவியை மட்டும் நீட்டினார். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

கோளாறு எங்கே இருந்தது தெரியுமா? என்ஜினையும் சேஸியையும் இணைக்கும் எர்த் பட்டையில். கடல் காற்றில் உப்பேறி, முனையில் பச்சை பூத்து, கையால் இழுத்ததும் பாதி இழை உதிர்ந்தது. ஒரு பெட்ரோல் டேங்க் நிரப்பும் காசுகூட ஆகாத பட்டை. வண்டி ஓடும்போது டாஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு ஒரு தடவைகூட எரியவில்லை என்று மாமா முதல் நாளே சொன்னார். ஆல்டர்னேட்டர் கரண்ட் உண்டாக்குகிறது, அது பேட்டரிக்குப் போய்ச் சேரவில்லையோ என்று சந்தேகப்பட அது ஒரு அடையாளம். நான் காதில் வாங்கவில்லை.

அளக்க ஐந்து நிமிடம் போதும். என்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட்டையும் ஃபேனையும் போடுங்கள். ஆல்டர்னேட்டரின் பின்னால் தடித்த வயர் வரும் போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். பிறகு பேட்டரியின் இரண்டு முனையிலும் வையுங்கள். பழைய வண்டிகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வர வேண்டும். மாமா வண்டியில் பின்னால் 14.3, பேட்டரியில் 12.4. இந்த இடைவெளி அரை வோல்ட்டைத் தாண்டினால் ஆல்டர்னேட்டரைத் தொடாதீர்கள், வயரைப் பாருங்கள். கம்ப்யூட்டரே சார்ஜைக் கட்டுப்படுத்தும் புது வண்டிகளில் எண் ஏறி இறங்கும். அங்கேயும் இந்த இடைவெளிதான் கணக்கு.

மாமாவிடம் வாங்கிய இரண்டு கூலியையும் திருப்பிக் கொடுத்தேன். கீரை அழுகிய நஷ்டத்தை எப்படித் திருப்புவது?

சின்னச் சாமானுக்காக முழுசையும் மாற்றுவது

கொரோலாவில் அப்புறம் பார்த்தால், ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்து நகக்கண் அளவுக்கு வந்திருந்தது. அதை மட்டும் மாற்றினோம். பிரஷ், ரெகுலேட்டர், பேரிங் எல்லாமே பல வண்டிகளுக்குத் தனியாகக் கிடைக்கும். உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள் (காயில்) கருகியிருந்தால் முழுசையும் மாற்றுவதே சரி. 2022 ஏப்ரல் டர்பன் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைப் போல உள்ளே சேறு புகுந்திருந்தாலும் அப்படித்தான்.

செத்த பேட்டரியோடு புது ஆல்டர்னேட்டர்

இரண்டையும் சேர்த்துச் சோதியுங்கள். பலமில்லாத பேட்டரிக்கு ஓயாமல் சார்ஜ் ஏற்றி ஏற்றியே புதுசும் சூடேறிப் போய்விடலாம்.

பெல்ட்

ஆல்டர்னேட்டரைச் சுழற்றுவது இதுதான். கீச்சிட்டால் முதலில் அதைப் பாருங்கள்.

ஓடும் என்ஜினில் பேட்டரி வயரைப் பிடுங்கிப் பார்ப்பது

ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று சிலர் இப்படிப் பார்ப்பார்கள். வேண்டவே வேண்டாம். வோல்ட்டேஜ் எகிறி வண்டியின் கம்ப்யூட்டர் போய்விடலாம்.

கழற்றியதைப் பார்க்காமல் வருவது

விலை கேட்கும்போதே 15 சதவீத வாட் வரி சேர்த்தா, கூலி சேர்த்தா, பழையதைக் கொடுத்தால்தான் அந்த விலையா என்று கேளுங்கள். எக்ஸ்சேஞ்ச் என்றால் பழையது அவர்களுக்குப் போகும். இல்லையென்றால், கழற்றிய சாமானை உங்களிடம் தர வேண்டும் என்று தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. மாட்டிய சாமான் புதுசோ ரீகண்டிஷனோ, குறைந்தது மூன்று மாத உத்தரவாதமும் அதே சட்டத்தில் இருக்கிறது. பில்லில் தேதியும் சாமான் பேரும் எழுதி வாங்கி வண்டியிலேயே வையுங்கள்.