கவுண்டரில எதை வைக்கிறது?

திருகோணமலையில சின்னக் கடை வைச்சிருக்கிற ஆக்களுக்குத்தான் இது. காசு வாங்குற மேசைக்குப் பக்கத்துல இருக்கிற ரெண்டு அடி இடம்தான் கடையில நல்லா உழைக்கிற இடம், மிச்சக்காசுக்கு நிக்கிற நேரம் கை தானா அதுக்குத்தான் போகும், அதால பெரிய பக்கெட் ஒண்டும் அங்க வேணாம், கச்சான், மிக்சர், டொபி மாதிரி யோசிக்காம எடுக்கிற சாமான் மட்டும் போதும். விலையைப் பெரிசா எழுதி ஒட்டுங்க, கேக்க வெக்கப்பட்டே கனபேர் எடுக்காமப் போறாங்க.

சொக்லேட்டை மட்டும் வாசல் பக்கம் வைக்காதீங்க, 34 பாகையிலேயே உருகும், எங்கட வெயில் தெரியும்தானே. நானும் ஒருக்கா ஒரு பெட்டியையே கூழாக்கினன்.

சோடா, தண்ணிப் போத்தல் கண்ணாடி பிரிட்ஜில, கண் மட்டத்துல. மே தொடங்கி செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிக்கு சனம் வரும், அப்ப தண்ணியை ரெண்டு தட்டாக்குங்க. புதுச் சாமானைப் பின்னால தள்ளி, திகதி கிட்ட வந்ததை முன்னுக்கு வைங்க. கம்பனிக்காரர் ஸ்டாண்ட் சும்மா தந்தா வாங்கலாம், ஆனா வழியை மறிச்சா வேணாம். ஸ்டாண்டுல பாதி காலியா இருந்தாலும் ஆக்கள் பழசு எண்டுதான் நினைப்பாங்க, பின்னேரம் ஒருக்கா நிரப்பிவிடுங்க.