மாப்பிள்ளைத் தோழர்களுக்குப் பரிசு: முதலில் ஒன்றை வாங்கிச் சோதியுங்கள், பெயர் பொறிப்பதை அப்புறம் பார்க்கலாம்

தேவாலயத் திருமணங்களில் மாப்பிள்ளையோடு நான்கைந்து நண்பர்கள் ஒரே நிற உடையில் நிற்பது பழகிப்போன காட்சி. இப்போது மண்டபத்து வரவேற்பிலும் அப்படித்தான். கூட நின்று ஓடியாடி வேலை பார்த்தவர்களுக்கு மாப்பிள்ளை ஏதாவது கொடுக்க நினைப்பது நியாயம். ஆன்லைனில் தேடினால் 'கிஃப்ட் பாக்ஸ்' என்று ஒன்று வரும். ஒரு சாவிக்கொத்து, ஒரு பேனா, சின்ன சென்ட் பாட்டில், சட்டைக் கையில் மாட்டும் கஃப்லிங்க், மேலே மினுமினுப்புத் தாள். நான்கு மலிவுப் பொருளின் விலையைக் கூட்டினால் உருப்படியான ஒரு பொருளே வாங்கிவிடலாம். அந்த ஒரு பொருளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இந்தப் பதிவு.

ஒரு விஷயத்தை முதலிலேயே பிரித்து வைத்துவிடுவோம். பெண்ணின் சகோதரர் மாப்பிள்ளைத் தோழனாக நின்று மோதிரம் வாங்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது சீர் கணக்கு. பெரியவர்கள் பேசி முடிவு செய்வது. இங்கே சொல்லும் பட்ஜெட்டில் அதைச் சேர்க்காதீர்கள்.

படி 1: ஆள் கணக்கு, பணக் கணக்கு

தோழர்கள் ஐந்து பேர் என்றால் ஆறு வாங்குங்கள். கடைசி வாரத்தில் ஒருவர் கூடுவார், அல்லது பெயர் பொறிக்கும்போது ஒன்று கெட்டுப்போகும். தோல் பொருளாக இருந்தால் பிறகு போய் 'அதே நிறத்தில் இன்னொன்று' என்று கேட்டால் கிடைக்காது. ஒவ்வொரு முறை சாயம் ஏற்றும்போதும் நிறம் கொஞ்சம் மாறும்.

ஆளுக்கு 1,500 ரூபாய் என்று வைத்தால் முழுப் பணத்தையும் பொருளிலேயே போட முடியாது. பொருளுக்கு 1,200, பெயர் பொறிக்கவும் டப்பாவுக்கும் 200, கூரியருக்கும் இதர செலவுக்கும் 100 என்று ஒதுக்குங்கள். ஆறு பொருளுக்கு மொத்தம் 9,000. இதைத் தாண்ட முடியாது என்றால் பொருளின் தரத்தைக் குறைக்காதீர்கள், பொருளையே மாற்றுங்கள். 700 ரூபாய்க்கு நல்ல குடை கிடைக்கும். அதே விலைக்கு நல்ல தோல் பர்ஸ் கிடைப்பது அரிது.

எல்லோருக்கும் ஒரே மாதிரி எடுத்துக் கொடுக்கும் சட்டை, வேட்டி, கோட் எல்லாம் பரிசில் சேராது. அது உங்கள் கல்யாண ஆல்பத்துக்கான செலவு. நண்பர்கள் தங்கள் கைக்காசில் கோட் தைத்திருந்தால், பரிசுக்கு இன்னும் கொஞ்சம் கை நீள வேண்டும்.

படி 2: எதை வாங்குவது

பொருளைப் பார்த்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது இதை அவர் கையில் எடுப்பாரா? அளவு, ருசி, வாசனை என்று அவரவருக்கு மாறுமா? ஊருக்குத் திரும்பும் பயணத்தில் சிக்கல் இல்லாமல் போய்ச் சேருமா?

முதல் கேள்வியிலேயே கஃப்லிங்க் விழுந்துவிடும். நம் ஊர்ச் சட்டைகள் பெரும்பாலும் பொத்தான் வைத்தவை. மாட்டுவதற்கு அதில் துளையே இருக்காது. மதுக் குடுவை வெளிநாட்டுப் பட்டியல்களில் தவறாமல் வரும். வீட்டுப் பெரியவர்கள் நடுவே அதைப் பிரித்துப் பார்க்கும் நண்பரின் முகத்தை யோசித்துக்கொள்ளுங்கள். சென்ட்டும் செருப்பும் இரண்டாவது கேள்வியில் போய்விடும்.

மூன்றாவது கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கத்தி, ஸ்க்ரூடிரைவர் எல்லாம் மடங்கி உள்ளே இருக்கும் மல்டிடூல் அருமையான பொருள்தான். ஆனால் கைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு விமானத்தில் வந்தவரிடமிருந்து அதைப் பாதுகாப்புச் சோதனையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பவர் பேங்க் இதற்கு நேர் எதிர். அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் என்றால் சுமார் 74 வாட்-மணி, விமானத்தில் வழக்கமாக அனுமதிக்கும் 100-க்குள் அடங்கும். கத்தியைப் பரிசாகத் தரக் கூடாது என்று நினைக்கும் வீடுகளும் இருக்கின்றன. சந்தேகம் இருந்தால் மல்டிடூலை விட்டுவிடுங்கள்.

கடைசியில் தேறுபவை பர்ஸ், ஸ்டீல் ஃபிளாஸ்க், குடை. முதல்முறை வாங்குபவர்கள் இந்த மூன்றில் ஒன்றை எடுத்தால் போதும்.

படி 3: ஒன்றே ஒன்று வாங்கிச் சோதியுங்கள்

ஆறையும் ஒரே நேரத்தில் ஆர்டர் போடாதீர்கள். ஒன்றை வாங்கி வீட்டில் வைத்து ஒரு வாரம் பயன்படுத்திப் பாருங்கள். பெயர் பொறித்துவிட்டால் எந்தக் கடையும் திரும்ப எடுக்காது என்பதால் குறை தெரிய வேண்டிய நேரம் இதுதான்.

பர்ஸ் என்றால் 'ஜெனுயின் லெதர்' என்ற முத்திரையை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அடிப்பாகத் தோலுக்கு மேல் பிளாஸ்டிக் பூசியதிலும் அந்த முத்திரை இருக்கும். தோல் தூளைப் பசையில் கலந்து தகடாக்கியதுதான் 'பாண்டட் லெதர்'. கொளுத்திப் பார்த்தால் முடி கருகும் வாசனை வந்தால் அசல் என்பார்கள். பாண்டட் லெதரிலும் தோல் தூள் இருப்பதால் அதே வாசனைதான் வரும், அந்தச் சோதனையால் பயனில்லை. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். அசல் தோலில் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். பாண்டட் என்றால் அட்டை போல ஒரே சீராக இருக்கும், மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலமும் தெரியும். பிறகு விரலால் வளையுங்கள். அசல் தோலில் வளைவில் மெல்லிய சுருக்கங்கள் பரவும், நிறமும் லேசாக மாறும். ரெக்சினில் ஒரே கோடு விழும்.

ரெக்சினும் பாண்டட் லெதரும் உரிவதற்குப் பயன்படுத்திய தேய்மானம் மட்டும் காரணமில்லை. மேலே பூசியிருக்கும் பாலியூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து மெல்ல மெல்ல முறியும். அதனால்தான் அலமாரியில் சும்மா வைத்திருந்த பர்ஸும் சென்னை மாதிரிக் கடலோர ஊரில் செதில் செதிலாக உதிர்கிறது.

அடுத்து உள்பக்கம். போன் டார்ச்சை அடித்துக் கார்டு அறைகளுக்குள் பாருங்கள். வெளியே மட்டும் தோல் வைத்து, உள் அறை முழுக்க ரெக்சின் வைப்பது வழக்கமான தந்திரம். முதலில் கிழிவதும் அந்த அறைகள்தான். தையலை அளவுகோல் வைத்து எண்ணுங்கள். அங்குலத்துக்கு 7 முதல் 9 தையல் என்றால் நல்லது. 12-க்கு மேல் போனால் நெருக்கமான தையல் என்று மகிழ வேண்டாம். அத்தனை துளை விழுந்த தோல் தபால்தலை ஓரம் போலக் கிழியும். அறையின் வாய் வந்து ஓரத்தில் சேரும் இடத்தில் இரண்டு மூன்று தையல் திருப்பிப் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

பிறகு பணத்தை வையுங்கள். 500 ரூபாய் நோட்டு 150 மில்லிமீட்டர் நீளம், 66 மில்லிமீட்டர் உயரம். நோட்டு முழுதாக உள்ளே மறைய வேண்டும், மடித்தால் ஓரம் கசங்கக் கூடாது. 'ஸ்லிம்' என்று விற்கும் கார்டு உறைகளில் நோட்டை மூன்றாக மடிக்க வேண்டியிருக்கும். டீக்கடையில் நின்று அதைப் பிரிக்கும் சிரமம் உங்கள் நண்பருக்குத்தான். கார்டுகளைப் போட்டுத் தலைகீழாக உதறிப் பாருங்கள். புதிதில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் கவலையில்லை, தோல் இளகும். புதிதிலேயே வழுக்கி விழுந்தால் அந்தப் பர்ஸ் வேண்டாம்.

தோலுக்கு நம் பக்கமே ஊர்கள் இருக்கின்றன. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை மூன்றும் தோல் பதனிடுவதற்கும் தோல் பொருள்களுக்கும் பெயர் பெற்றவை. திருச்சி, ஈரோடு, திண்டுக்கல் பக்கம் மரப்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடும் பழைய முறைக்குப் புவிசார் குறியீடே உண்டு. இந்த ஊர்ப் பட்டறைகளில் நேரில் கேட்டால் ஆறு பர்ஸையும் ஒரே தோலில் வெட்டித் தரச் சொல்லலாம். நிறம் மாறும் தொல்லையும் அதோடு போகும்.

ஃபிளாஸ்க் என்றால் காந்தத்தை வைத்துப் பார்த்துத் தரம் சொல்லும் பழக்கத்தை விடுங்கள். ஸ்டீலில் 304 என்ற நல்ல தரத்தையும் 201 என்ற மலிவான தரத்தையும் காந்தத்தால் பிரிக்க முடியாது, இரண்டிலும் பெரும்பாலும் ஒட்டாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, அதன் கீழுள்ள உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுச் சரிபாருங்கள். வீட்டில் செய்யும் சோதனைக்கு ஒரு கெட்டில் வெந்நீர் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடிப் பத்து நிமிடம் வையுங்கள். கழுத்துப் பகுதி லேசாகச் சுடலாம், அங்கேதான் உள்சுவரும் வெளிச்சுவரும் சேர்கின்றன. உடம்போ அடியோ சுட்டால் இரண்டு சுவர்களுக்கும் நடுவே வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம். அப்படியே செய்தித்தாள் மேல் கவிழ்த்து இன்னும் பத்து நிமிடம் வைத்தால் மூடி கசிகிறதா என்றும் தெரிந்துவிடும். மூடியின் சிலிகான் வளையம் தனியாகக் கழற்றி மாட்டும் வகையா என்று பாருங்கள். கழற்ற முடியாத வளையத்துக்கடியில் காபி தங்கி இரண்டே வாரத்தில் நாற்றம் வரும்.

குடைக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. எட்டுக் கம்பி, அதுவும் ஃபைபர்கிளாஸ் கம்பி. காற்றில் மேலே திரும்பினாலும் பழைய நிலைக்கு வரும். அலுமினியக் கம்பி வளைந்தால் வளைந்ததுதான். கம்பி நுனியில் துணியைத் தைத்திருக்கிறார்களா, சும்மா செருகியிருக்கிறார்களா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

படி 4: பெயர் பொறித்தல்

பொருளில் பெயர் சின்னதாக, உள்பக்கமாக இருக்கட்டும். உங்கள் கல்யாணத் தேதியையும் மணமக்கள் படத்தையும் முன்பக்கம் போட்ட ஃபிளாஸ்கை யாரும் அலுவலகத்துக்கு எடுத்துப்போக மாட்டார்கள். தேதி போட்டே ஆக வேண்டும் என்றால் அடியில் போடுங்கள்.

பவுடர் கோட்டிங் பூசிய ஃபிளாஸ்கில் லேசர் பொறிப்பு சரியாக வரும். பூச்சு போய் ஸ்டீலே தெரிவதால் அந்த எழுத்து உரிந்துபோக வழியில்லை. அச்சடித்தாலோ ஸ்டிக்கர் ஒட்டினாலோ, தேய்த்துக் கழுவக் கழுவப் போய்விடும். தோலில் தங்க நிறத் தகடு வைத்து அழுத்தினால் புதிதில் பளிச்சென்று இருக்கும், பாக்கெட்டில் உரசி உரசி ஒரு வருடத்தில் மங்கும். நிறமே இல்லாமல் அழுத்தி எடுப்பது கண்ணைப் பறிக்காது, ஆனால் நின்று நிலைக்கும்.

தமிழில் பெயர் போடுவதாக இருந்தால் இன்னும் ஒரு கவனம் தேவை. பொறிக்கும் கடைகளின் மென்பொருள் பலவற்றில் தமிழ் எழுத்து உடையும். கோபி என்று அனுப்பினால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் பிரிந்து நடுவில் புள்ளி வட்டம் விழுந்து நிற்கும். ஆபரேட்டருக்குத் தமிழ் படிக்கத் தெரியாவிட்டால் அது அப்படியே தோலில் ஏறிவிடும். அதனால் பெயரை வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து அனுப்பாதீர்கள். கோரல்டிரா, இங்க்ஸ்கேப் போன்ற வரைகலை மென்பொருளில் பெயரை அமைத்து, எழுத்துகளைக் கோடுகளாக, அதாவது 'கர்வ்ஸ்' ஆக மாற்றி பி.டி.எஃப். கோப்பாகக் கொடுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் கல்யாணப் பத்திரிகை அடித்த அச்சகத்தில் கேளுங்கள், ஐந்து நிமிட வேலை.

தோலில் எழுத்தின் உயரம் 5 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். குறைந்தால் மெய்யெழுத்தின் புள்ளியும் ணகர னகரச் சுழிகளும் அடைத்துக்கொள்ளும். முதலில் ஒரு துண்டுத் தோலில் அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். இனிஷியல் மட்டும் போடுகிறீர்கள் என்றால் இரண்டு பேருக்கு ஒரே எழுத்து வருகிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஆறாவது பொருளில் எதையும் பொறிக்காமல் வைத்திருங்கள்.

படி 5: நாள் கணக்கு

மாதிரிப் பொருள் கல்யாணத்துக்கு எட்டு வாரம் முன்பே கையில் இருக்க வேண்டும். ஆறு வாரம் இருக்கும்போது மீதியை ஆர்டர் போடுங்கள். தேவாலயத்தில் முதல் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிப்பதற்குள் எல்லாம் பெயர் பொறிக்கும் கடைக்குப் போய்விட வேண்டும். மூன்று ஞாயிறு ஓலை வாசித்து முடிவதற்குள் தவறு ஏதாவது இருந்தால் திருத்த அவகாசம் கிடைக்கும். முகூர்த்த மாதங்களிலும் ஈஸ்டருக்குப் பிந்தைய வாரங்களிலும் இந்தக் கடைகளில் கூட்டம் அதிகம், அப்போது இன்னும் ஒரு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

மழைக்காலம் என்றால் தோல் பொருளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடி வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். துணிப்பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வைத்தால் போதும்.

படி 6: கொடுப்பது

மேடையில் கொடுக்க வேண்டாம். அங்கே வாங்கும் கையில் ஏற்கெனவே பூச்செண்டோ குழந்தையோ இருக்கும், பொருள் எந்த நாற்காலிக்கடியில் போனது என்று அப்புறம் தேட வேண்டும். முந்தின நாள் ஒத்திகை முடிந்ததும் கொடுங்கள். வரவேற்பு முடிந்து நேராக ரயிலேறும் நண்பர்கள் அதற்குள் பெட்டியில் வைத்துக்கொள்வார்கள்.

மோதிரத்தைப் பத்திரமாக வைத்திருக்கும் முதல் தோழருக்கு இன்னும் கொஞ்சம் செய்ய நினைத்தால் மற்றவர்கள் எதிரில் வேறு பொருள் நீட்டாதீர்கள். எல்லோருக்கும் ஒன்றையே கொடுத்துவிட்டு, அவருக்கு உரியதைத் தனியாக வீட்டில் கொடுங்கள். ஃபிளாஸ்க் என்றால் உத்தரவாத அட்டையையும் பில் நகலையும் டப்பாவுக்குள்ளேயே வையுங்கள், மூடி கசிந்தால் கடைக்குப் போக வேண்டியது அவர்தான். வர முடியாமல் போன நண்பருக்கு அனுப்பும் கூரியரில் குடையை அட்டைக் குழாயில் போட்டு அனுப்புங்கள். வெறும் கவரில் அனுப்பினால் கைப்பிடி உடைந்துதான் போய்ச் சேரும்.