பழைய ஆர்எக்ஸ் 100 வண்டியில் எந்தக் கப்ளர் எதற்கு? வயரிங் இணைப்புகளை அடையாளம் காணும் முறை

1985-ஆம் ஆண்டின் இறுதியில் சாலைக்கு வந்து, 1996 வரை இந்தியாவில் தயாரான யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியை இன்று மீட்டெடுப்பவர்களுக்கு எஞ்சின் வேலையைவிட வயரிங் வேலையே அதிகச் சோதனை தருகிறது. சிலிண்டரைப் போர் போடவும் பிஸ்டன் மாற்றவும் கைதேர்ந்த மெக்கானிக்குகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆனால் ஹெட்லைட் டூமை (முன்விளக்கின் கூட்டை)த் திறந்ததும் வெளியே சரியும் வயர்க்கற்றையைக் கண்டவுடன், "பழசைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது வயரிங் கிட் மாட்டிவிடலாம்" என்ற பேச்சு வந்துவிடுகிறது. இதை நான் ஏற்பதில்லை. அசல் கிட்டில் உள்ள செம்புக் கம்பி பெரும்பாலும் இன்னும் நல்ல நிலையிலேயே இருக்கிறது. கெட்டுப்போவது அதன் முனைகளில் உள்ள இணைப்புகள்தாம். எந்த இணைப்பு எதற்கு உரியது என்று பொறுமையாக அடையாளம் கண்டுவிட்டால், பாதிக்கு மேற்பட்ட கோளாறுகள் சுத்தம் செய்வதிலேயே தீர்ந்துவிடும்.

அடையாளம் காண்பதற்கு மூன்று சாட்சிகள் உண்டு: இணைப்பின் வடிவம், வயரின் நிறம், மல்டிமீட்டர் (வோல்ட், ஓம் அளக்கும் கருவி) காட்டும் அளவு. மூன்றும் ஒத்துப்போகும்போதுதான் ஒரு வயருக்குப் பெயர் எழுத வேண்டும். நிறத்தை மட்டும் நம்பி வேலை செய்வதே பழைய வண்டிகளில் நடக்கும் பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம்.

கழற்றுவதற்கு முன்

சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும். பாசிட்டிவ் முனையை முதலில் கழற்றினால், ஸ்பானர் வண்டியின் சட்டத்தில் பட்டுப் பொறி பறக்க வாய்ப்புண்டு. பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. பிறகு, எந்த இணைப்பையும் பிரிக்காமல், டூமின் உட்புறம், டேங்கின் அடிப்பகுதி, இரண்டு சைடு கவர்களின் உட்புறம், டெயில் லைட்டின் பின்புறம் ஆகிய இடங்களை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இணைப்பையும் பிரிப்பதற்கு முன் அதன் இரண்டு பக்கத்திலும் காகித டேப்பை ஒட்டி, ஒரே எண்ணை எழுதுங்கள். ஒரு பக்கம் மட்டும் எழுதினால், மீண்டும் மாட்டும்போது அந்த எண்ணால் பயனில்லை.

கப்ளரை (பல வயர்களை ஒன்றாகச் சேர்க்கும், இரண்டு பாதிகள் கொண்ட பிளாஸ்டிக் இணைப்பை) வரைபடமாக வரையும்போது, எந்த முகத்திலிருந்து பார்த்து வரைகிறீர்கள் என்பதையும் எழுதியாக வேண்டும். இரண்டு பாதிகளும் ஒன்றோடொன்று சேரும் முகத்திலிருந்து பார்த்தால் ஒரு வரிசையும், வயர் உள்ளே போகும் முகத்திலிருந்து பார்த்தால் அதற்கு நேர்மாறான வரிசையும் தெரியும். எப்போதும் வயர் போகும் முகத்தையே வரைவது என்று வைத்துக்கொண்டால் இடவலக் குழப்பம் வராது.

வடிவத்தைப் படிப்பது

அந்தக் காலத்து ஜப்பானியத் தொழில்நுட்ப வண்டிகளில் அதிகம் காணப்படுவது புல்லட் இணைப்பு. ஆண் முனை சிறு தோட்டா வடிவில் ஏறத்தாழ 3.9 மி.மீ. குறுக்களவு கொண்டது, பெண் முனை பிளவுபட்ட குழாயாக இருக்கும், இரண்டின் மேலும் ஒளி ஊடுருவும் ஸ்லீவ் மூடியிருக்கும். ராயல் என்ஃபீல்டு போன்ற பிரிட்டிஷ் வழிவந்த வண்டிகளில் லூகாஸ் வகைப் புல்லட் ஏறத்தாழ 4.7 மி.மீ. குறுக்களவு உடையது. கடைக்காரர் இரண்டையும் ஒரே டப்பாவில் வைத்திருக்கலாம். அளந்து பார்த்தே வாங்குங்கள், ஏனெனில் பெரிய குழாயில் நுழைந்த சிறிய புல்லட் கையில் பிடித்துப் பார்க்கும்போது மாட்டியதுபோல் தெரிந்து, வண்டி அதிர்ந்ததும் விட்டுவிட்டுத் தொடும். ஒரே வயரிலிருந்து இரண்டு பெண் முனைகள் பிரிந்தால், அது பெரும்பாலும் பல பாகங்களுக்கும் பொதுவான எர்த் (சட்டத்தோடும் பேட்டரியின் நெகட்டிவோடும் சேரும்) வயராகவோ, சாவி போட்டதும் மின்சாரம் தரும் பொது வயராகவோ இருக்கும்.

இரண்டாவது வகை தட்டை முனைகள் கொண்ட கப்ளர். இவற்றில் தட்டையின் அகலமே அடையாளம்: 6.3 மி.மீ. அகலம் கொண்டவை அதிக மின்னோட்டம் செல்லும் இடங்களிலும், 2.8 மி.மீ. போன்ற குறுகியவை ஒரே கப்ளரில் பல வயர்கள் சேரும் இடங்களிலும் வரும். ஒவ்வொரு முனையிலும் ஒரு சிறிய நாக்கு நிமிர்ந்து நின்று, பிளாஸ்டிக் கூட்டின் படியில் மாட்டிக்கொண்டிருக்கும். கூட்டிலிருந்து முனையை எடுக்க, முதலில் வயரைச் சற்று உள்ளே தள்ளி அந்த நாக்கின் மீதுள்ள அழுத்தத்தைத் தளர்த்திவிட்டு, சேரும் முகத்தின் வழியாக மெல்லிய ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நாக்கை அமுக்கியபடி வயரைப் பின்பக்கம் இழுக்க வேண்டும். வெறுமனே பிடித்து இழுத்தால் வயர் அறுந்து, முனை கூட்டுக்குள்ளேயே தங்கிவிடும். திரும்பச் செருகுமுன் நாக்கை நகத்தால் சிறிது நிமிர்த்திவிடுங்கள். "டக்" என்ற ஒலி கேட்டால்தான் அது பூட்டிக்கொண்டது என்று பொருள்.

மின்சாரம் வரும் பக்கத்தில் பெண் முனையை வைப்பது பொதுவான வழக்கம். பிரிந்து தொங்கினாலும் அது சட்டத்தில் பட்டு ஷார்ட் ஆகாது என்பதே காரணம். எனவே ஆண் முனை வெளியே நீட்டிக்கொண்டு, அதில் 12 வோல்ட் இருக்குமானால், முன்பு யாரோ அந்த இடத்தை மாற்றிக் கட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். வளைய லக் (போல்ட்டில் மாட்டும் வளைய வடிவ முனை) என்றால் பெரும்பாலும் எர்த் அல்லது பேட்டரி முனை.

நிறம்: கம்பெனிக்குக் கம்பெனி வேறு

வெயிலும் எண்ணெயும் பட்ட வயரில் வெளியே தெரியும் நிறம் நம்பத் தகுந்ததல்ல. ஈரத் துணியால் துடைத்துவிட்டு, கறுப்பு ஸ்லீவைச் சற்று விலக்கி உள்ளே மறைந்திருந்த பகுதியைப் பாருங்கள். அங்கே அசல் நிறமும் அதன் மேல் ஓடும் மெல்லிய கோடும் தெளிவாக இருக்கும். குறிக்கும்போது அடிநிறத்தை முதலிலும் கோட்டின் நிறத்தை அடுத்தும் எழுதுங்கள்.

யமஹாவின் வழக்கப்படி கறுப்பு என்பது எர்த். சிவப்பு பேட்டரியின் பாசிட்டிவ். பிரவுன் என்பது சாவி போட்டதும் உயிர்பெறும் வயர். மஞ்சள் ஹை பீம், பச்சை லோ பீம், ரோஸ் ஹாரன், வானநீலம் நியூட்ரல் விளக்கு, கரும்பச்சை வலது இன்டிகேட்டர், சாக்லேட் நிறம் இடது இன்டிகேட்டர், ஆரஞ்சு இக்னிஷன் காயில், கறுப்பில் வெள்ளைக் கோடு எஞ்சினை நிறுத்தும் வயர். இங்கே பிரவுனும் சாக்லேட்டும் காலப்போக்கில் ஒன்றுபோலவே தோன்றும் என்பதுதான் சிக்கல். சாவி போட்டதும் தொடர்ந்து 12 வோல்ட் காட்டுவது பிரவுன்; சுவிட்சை இடப்பக்கம் தள்ளும்போது மட்டும் விட்டுவிட்டு மின்சாரம் வருவது சாக்லேட். கண்ணைவிட மீட்டரே இதில் சரியான நீதிபதி.

ஹோண்டா முறையில், அதாவது ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வழிவந்த வண்டிகளில், எர்த் பச்சை. சாவி போட்டதும் வரும் வயர் கறுப்பு. ஆரஞ்சு இடது இன்டிகேட்டர், வெளிர்நீலம் வலது. சுசுகி முறையில் கறுப்பில் வெள்ளைக் கோடு எர்த், ஆரஞ்சு சாவி வயர். கவாசாகி முறையில் எர்த் என்பது கறுப்பில் மஞ்சள் கோடு. ஆர்எக்ஸ் வண்டியில் ஹோண்டா வழி ரெக்டிஃபையர் (மாறுதிசை மின்சாரத்தை டி.சி. ஆக்கும் பாகம்) ஒன்றை மாட்டுவது ஒர்க்‌ஷாப்புகளில் சாதாரணமாக நடக்கிறது. அதன் பச்சை வயரை வண்டியின் பச்சை வயரோடு சேர்த்தால், எர்த்தை லோ பீமுக்குக் கொடுத்தது போலாகிவிடும். அது வண்டியின் கறுப்பு வயரோடுதான் சேர வேண்டும். அதேபோல் எஞ்சினை நிறுத்தும் வேலையை யமஹாவில் செய்யும் கறுப்பு-வெள்ளை வயர், சுசுகியில் எர்த்தாக இருக்கிறது. வெளியில் வாங்கிய மாற்றுக் கிட் ஏற்கெனவே மாட்டப்பட்டிருந்தால், இந்த நிறங்களில் எதையும் முன்கூட்டியே நம்ப வேண்டாம்.

மீட்டரால் உறுதிசெய்வது

பேட்டரி கழற்றிய நிலையில், மீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் (இரு முனைகளுக்கும் இடையே இணைப்பு இருந்தால் "பீப்" ஒலிக்கும் நிலை) வைத்து, தெரிந்த ஒரு பொருளிலிருந்து தெரியாத கப்ளரை நோக்கி வருவதே நல்ல முறை. சாவி சுவிட்சின் கப்ளரை இப்படிச் சந்தேகத்துக்கு இடமின்றிப் பிடிக்கலாம்: கப்ளரைப் பிரித்து, சுவிட்ச் பக்கப் பாதியில், சாவி போட்டிருக்கும்போது சிவப்பும் பிரவுனும் ஒன்றோடொன்று தொடர வேண்டும், சாவியை அணைத்ததும் அந்தத் தொடர்பு விட்டுப்போய், கறுப்பு-வெள்ளையும் கறுப்பும் தொடர வேண்டும். சி.டி.ஐ. (ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி தரும் மின்னணு இக்னிஷன்) வண்டியில் நிறுத்தும் வயரை எர்த்தோடு சேர்ப்பதால்தான் எஞ்சின் நிற்கிறது. இதை அறியாமல் அந்தக் கறுப்பு-வெள்ளை வயருக்கு பேட்டரியின் 12 வோல்ட்டைக் கொடுத்தால் சி.டி.ஐ. பெட்டியே பழுதாகக்கூடும்.

தொடர்ச்சி பார்க்கும்போது பலரையும் ஏமாற்றுவது பல்பு. இன்டிகேட்டரின் 12 வோல்ட், 10 வாட் பல்பு எரியும்போது அதன் மின்தடை 14.4 ஓம், குளிர்ந்த நிலையில் அது அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். ஆகவே பல்பு ஹோல்டரிலேயே இருக்கும்போது இன்டிகேட்டர் வயரை எர்த்தோடு சோதித்தால், மீட்டர் "பீப்" என்று ஒலித்து அந்த வயரையே எர்த் என்று நம்பவைத்துவிடும். எல்லாப் பல்புகளையும் ஃபிளாஷரையும் (இன்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் பாகம்) கழற்றிய பிறகே சோதியுங்கள். ஒலியை மட்டும் கேட்காமல் திரையில் உள்ள எண்ணையும் படியுங்கள்.

மேக்னெட்டிலிருந்து (எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் பாகம்) வரும் வயர்களை நிறமே தெரியாவிட்டாலும் மின்தடையால் பிரித்துவிடலாம். கப்ளரைப் பிரித்து, எஞ்சின் பக்க வயர் ஒவ்வொன்றையும் எஞ்சினின் உலோகத்தோடு வைத்து அளந்தால், விளக்குக்கும் சார்ஜிங்குக்கும் உரிய தடித்த சுற்றுகள் ஓர் ஓம் அளவிலோ அதற்குக் குறைவாகவோ காட்டும், சி.டி.ஐ.க்கு மின்சாரம் தரும் மெல்லிய சுற்று பெரும்பாலும் நூற்றுக்கணக்கான ஓம் காட்டும். எஞ்சின் ஓடும்போது இந்த மெல்லிய சுற்றின் வயரைக் கையால் தொடக் கூடாது. அதில் நூறு வோல்ட்டுக்கு மேல் வரும். ஹெட்லைட்டுக்குப் போவது மாறுதிசை மின்சாரம் என்பதால், எஞ்சின் ஓடும்போது மீட்டரை ஏ.சி. நிலையில் வைத்துத்தான் அதை அளக்க வேண்டும், டி.சி. நிலையில் வைத்து ஒன்றும் வரவில்லை என்று நல்ல வயரை வெட்டிவிடாதீர்கள்.

அடையாளம் கண்ட இணைப்பு சரியாக வேலை செய்கிறதா என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. பேட்டரியை மாட்டி, விளக்கோ ஹாரனோ இயங்கிக்கொண்டிருக்கும்போது, இணைப்பின் இரு பக்க வயர்களிலும் மீட்டரின் முனைகளைப் பின்புறமாகத் தொட்டுப் பாருங்கள். டி.சி. சுற்றில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், வெளியே பளபளப்பாகத் தெரிந்தாலும் உள்ளே துரு இருக்கிறது. மெல்லிய உப்புத்தாளாலும் கான்டாக்ட் கிளீனராலும் சுத்தம் செய்து, லேசாக வாசலின் தடவி மாட்டலாம். முனை கருகியிருந்தால் மாற்றிவிடுங்கள். புதிய முனையில் இரண்டு ஜோடிக் காதுகள் இருக்கும்: முன் ஜோடி செம்பைப் பிடிக்க வேண்டும், பின் ஜோடி வயரின் தோலைப் பிடிக்க வேண்டும். தோலைப் பிடிக்காத முனை, அதிர்வில் சில மாதங்களிலேயே கழுத்தில் அறுந்துவிடும். ஈயம் வைத்துப் பற்றவைப்பதைவிட, அளவான பிளையரால் இறுக அழுத்துவதையே நான் பரிந்துரைக்கிறேன், ஏனெனில் ஈயம் ஊறிய செம்பு விறைத்துப்போய் அதன் விளிம்பில் ஒடிகிறது.

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு உடனே ஃபியூஸைப் போட வேண்டாம். ஃபியூஸ் இருக்கும் இடத்தில் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை இரண்டு வயர்களோடு இணைத்துவிட்டு, அதன் பிறகே பேட்டரியின் நெகட்டிவை மாட்டுங்கள். சாவி அணைந்திருக்கும்போது பல்பு எரியக் கூடாது. சாவியைப் போட்டு, இன்டிகேட்டர், ஹாரன் என்று ஒவ்வொன்றாக இயக்கும்போது அது மங்கலாக எரிவது இயல்பு. எதையும் இயக்காதபோதே முழு வெளிச்சத்தோடு எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. எண் எழுதிய கப்ளர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே வாருங்கள், எந்த எண்ணில் பல்பு அணைகிறதோ அதற்கு அப்பால்தான் கோளாறு. அதைச் சரிசெய்து, பல்பு அணைந்தே இருப்பதை உறுதிப்படுத்திய பிறகு, வண்டியின் கையேட்டில் குறித்துள்ள ஆம்பியர் அளவுள்ள ஃபியூஸைப் பொருத்துங்கள்.