மீன்தொட்டிக்குப் புழு உணவு: சுத்தம் செய்வதும் கொடுப்பதும்

உலர் தீனியைத் திரும்பியும் பார்க்காத மீன்கூடப் புழுவைக் கண்டால் பாய்ந்து வந்து தின்னும். அந்த ஆர்வத்தைப் பார்த்துவிட்டுத் தினமும் அள்ளிப் போடத் தோன்றும். புழு எங்கிருந்து வந்தது, எப்படி வைக்கப்பட்டிருந்தது என்பதை அறிந்த பின்பே அதைத் தொட்டியில் விட வேண்டும்.

உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழுவிடம்தான் மிகுந்த எச்சரிக்கை தேவை. கழிவு தேங்கி ஆக்சிஜன் குறைந்த சேற்றில், தலையைப் புதைத்து வாலை நீரில் அசைத்தபடி வாழும் இந்தப் புழு, அந்தச் சேற்றின் கிருமிகளையும் தன் குடலில் சுமந்து வருகிறது. ஆகவே மேலோட்டமாக ஒருமுறை கழுவுவது போதாது. அகலமான தட்டில் மெல்லிய படலமாகப் பரப்பி, புழுக்கள் மூழ்கும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த, குளோரின் நீங்கிய நீர் ஊற்றி, குளிர்ந்த இடத்தில் வைத்து, நாளுக்கு 2 அல்லது 3 முறை நீரை மாற்றிவர வேண்டும். 2, 3 நாட்களில் குடலில் உள்ள அழுக்கில் பெரும்பகுதி வெளியேறிவிடும். நல்ல புழுக்கள் செந்நிறமாக, ஒன்றோடொன்று பின்னிப் பந்தாகத் திரண்டிருக்கும். குச்சியால் தொட்டால் சட்டென்று சுருங்கும். வெளிறிச் சிதறிக் கிடப்பவை இறந்தவை, அவற்றை நீக்கிவிட வேண்டும். நாற்றம் எழுந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுவதே நல்லது. இவ்வளவு செய்தாலும் நோய் அபாயம் முற்றிலும் நீங்காது என்பதால், புதிதாகத் தொடங்குவோருக்கு உறைய வைத்த புழுவையே பரிந்துரைப்பேன்.

உறைய வைத்த ரத்தப்புழுக் கட்டியைத் தொட்டி நீர் சிறிது எடுத்த கிண்ணத்தில் கரையவிட்டு, மெல்லிய வலையில் வடிகட்டி, சிவந்த சாற்றைக் கீழே ஊற்றிவிட்டுப் புழுவை மட்டும் கொடுக்க வேண்டும். அந்தச் சாறு தொட்டி நீரைக் கெடுக்குமே தவிர மீனுக்குப் பயன்படாது. ஒருமுறை கரைந்ததை மீண்டும் உறைய வைக்கக் கூடாது. உலர்த்திய புழுவையும் கொடுக்கும் முன் ஊற வைப்பது அவசியம்.

ரத்தப்புழு உண்மையில் கொசுவைப் போன்ற, ஆனால் கடிக்காத ஒருவகைப் பூச்சியின் இளம்புழு. அதன் சிவப்புக்குக் காரணமான ஹீமோகுளோபின் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்குகிறது: கண் அரிப்பு, தடிப்பு, மூச்சுத்திணறல் வரலாம். உலர்த்திய புழுவின் தூள் மூச்சில் ஏறுவது இன்னும் மோசம். இடுக்கி அல்லது கையுறை பயன்படுத்துங்கள். கையில் காயம் இருந்தால் தொட்டி நீரிலும் கை வைக்க வேண்டாம், வேலை முடிந்ததும் சோப்பால் கழுவுங்கள்.

மண்புழு கொடுப்பதானால் பூச்சிக்கொல்லி, உரம் படாத மண்ணிலிருந்து எடுத்து, ஒரு நாள் ஈரத் துணியில் வைத்து மண்ணைக் கழிக்கவிட்டு, மீனின் வாய்க்கேற்ப நறுக்கிப் போடலாம்.

வாரத்துக்கு 2 அல்லது 3 முறை, 2, 3 நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே போதும். உயிருள்ள டியூபிஃபெக்ஸை நீர்மட்டத்தில் மிதக்கும் துளைக்கூம்பில் வைத்துக் கொடுத்தால் புழுக்கள் சிறிது சிறிதாக வெளிவரும். இல்லையேல் அவை சரளைக்குள் புதைந்து, பின்னர் அங்கேயே இறந்து அழுகி, அம்மோனியாவைக் கூட்டிவிடும். மிஞ்சியதை அன்றே உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

எல்லா மீனுக்கும் இது ஏற்றதல்ல. ஃபைட்டர், டிஸ்கஸ், கோரிடோரஸ் போன்றவை நன்கு செரித்துக்கொள்ளும். பாசியை மேய்ந்து வாழும் மலாவி ஏரியின் ம்புனா சிக்லிட்களுக்கோ புழு உணவைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. அவற்றின் நீண்ட குடல் தாவர உணவுக்கானது, புழு தொடர்ந்து கிடைத்தால் வயிறு உப்பும் நோய்க்கு ஆளாகலாம்.