உட்கார விடாத தவிப்பு: மனச்சோர்வு மருந்து தொடங்கியதும் நாம் செய்யும் தவறுகள்

மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கிய ஐந்தாம் நாள், காரைக்குடி வீட்டின் வளவில் என் அத்தை முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். தூணோரம் உட்காருவார், ஆத்தங்குடிக் கல்லில் பாதங்களை மாற்றி மாற்றித் தேய்ப்பார், உடனே எழுந்துவிடுவார். மாதக்கணக்கில் படுத்தே கிடந்தவர் நடமாடுகிறாரே என்று நாங்கள் மகிழ்ந்தோம். அதுவே எங்கள் முதல் தவறு.

இந்தத் தவிப்பை மருத்துவர்கள் அகதீசியா என்பார்கள். உட்கார இயலாமை என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம், ஃப்ளூவாக்ஸடின் போன்ற மருந்துகளைத் தொடங்கிய முதல் சில நாள்களிலோ வாரங்களிலோ, அளவைக் கூட்டிய பின்னரோ இது சிலருக்கு வரும். மருந்தின் பலன் தெரியப் பல வாரங்கள் ஆகுமென்பதால், பக்கவிளைவே முந்திக்கொள்கிறது.

இதை நோய் முற்றியதாக எண்ணி, "பதற்றம் கூடிவிட்டது" என்று மட்டும் மருத்துவரிடம் சொல்வது பெரிய தவறு; அதை நம்பி அளவைக் கூட்டினால் தவிப்பும் கூடக்கூடும். எந்த நாளில் தொடங்கியது, எந்த மாத்திரைக்குப் பிறகு, நடந்தால் சற்றுத் தணிகிறதா என்பவற்றைச் சொல்ல வேண்டும். "மனசு கெடக்கட்டும்ப்பா, காலுதான் இருக்க விடமாட்டேங்குது" என்று அத்தை சொன்னதை அப்படியே தொலைபேசியில் சொன்னபோதுதான் மருத்துவர் அளவைக் குறைத்தார்.

பயந்துபோய் நாமாகவே நிறுத்துவதும் தவறு. பல வாரங்கள் எடுத்த மருந்தைத் திடீரென விட்டால் தலைசுற்றல், எரிச்சல், மின்சாரம் பாய்ந்தது போன்ற அதிர்வு வரலாம். பராக்ஸடின், வென்லாஃபாக்சின் ஆகியவற்றில் இது அதிகம். அடுத்த சந்திப்புவரை காத்திராமல் அன்றே மருத்துவரை அழையுங்கள். உட்கார விடாத தவிப்புக்குத் தரப்படும் புரோப்ரனலால் மாத்திரையைத் தெரிந்தவரிடம் வாங்கி விழுங்காதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. குமட்டலுக்கான மெட்டோகுளோபிரமைடு மாத்திரையும் இதே தவிப்பைத் தரும் என்பதால், எடுக்கும் எல்லா மருந்துகளையும் சொல்லுங்கள். தூக்கமே தேவைப்படாத உற்சாகமும் ஓயாத பேச்சும் கண்டால், அது மனச்சோர்வும் மிகை உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனை மனநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

கடுந்தவிப்பு தற்கொலை எண்ணத்தைத் தூண்டக்கூடும். சிகிச்சையின் தொடக்கத்தில் இளையோரிடம் அந்த எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் சிறார், பதின்வயதினரைக் குறித்து எச்சரித்து, 2007-இல் அதை 24 வயதுவரை நீட்டியது. "இப்படி இருப்பதற்குச் சாகலாம்" என்ற சொல் யார் வாயிலிருந்து வந்தாலும், எந்த வயதினரானாலும், அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம்.